காலமானவர் உங்களுக்கு என்ன உறவு?

எங்கள் கடையின் இணையப் பக்கத்தில் இருந்த ஃபார்மில் முதலில் ஐந்து கேள்விகள் இருந்தன. பிறகு ஒன்றை எடுத்துவிட்டு நான்காக்கினோம். எடுத்தது நல்லதுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தோம். நானும்தான்.

கோவையின் பழைய கடைவீதிகளுக்குப் பின்னால் எனக்கு ஒரு மெத்தைக் கடை இருக்கிறது. இலவம் பஞ்சு மெத்தை, தலையணை, கேட்பவர்களுக்கு ஃபோம். பத்தாவது முடித்த கையோடு இங்கே உட்கார்ந்தவன். ஐம்பதை நெருங்கிய பிறகும் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. யாராவது படியேறினால் கை தானாக ஊசியைத் தேடும். பேச்செல்லாம் என் மனைவி. "அவரு கையில பேசுவாருங்க, வாயில நான் பேசிக்கறேன்" என்று வருபவர்களிடம் சொல்வாள்.

மாடியில் ஒரு பெண் அலுவலகம் வைத்திருந்தார். சோமனூர்க்காரர். பம்பு, கிரைண்டர் செய்கிற கம்பெனிகளுக்கு இணையத்தில் விளம்பர வேலை பார்ப்பவர். ஒருநாள் தன்னுடைய தலையணையைப் பிரித்துக் கட்டித் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். தடவிப் பார்த்தபோது வாய் தவறிச் சொல்லிவிட்டேன்: "வலது கையை அடியில குடுத்துத் தூங்குவீங்க போல."

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஏனுங்க பாய், உங்களுக்கு யாரு சொன்னா?"

"பஞ்சுல தெரியுதுங்க."

அது பெரிய வித்தை இல்லை. இலவம் பஞ்சு, படுத்தவரின் எடையை மறக்காது. பத்து வருடம் படுத்த மெத்தையில் தோளுக்கு ஒரு பள்ளம், இடுப்புக்கு ஒரு பள்ளம், குதிகாலுக்குச் சின்னதாக இரண்டு. உறையைப் பிரிக்குமுன் கையை ஓட்டினால் ஆள் தெரிந்துவிடும். உயரம், பருமன், எந்தப் பக்கம் புரண்டு படுப்பார், பக்கத்தில் ஆள் உண்டா என்பது வரைக்கும். முப்பது வருடமாக எனக்கு இது தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

"இதை எழுதுங்க" என்றார் அந்தப் பெண். "நீங்க பேச வேண்டாம். எழுதினா போதும்."

பிளாக், லேண்டிங் பேஜ் இரண்டையும் அவர்தான் எனக்கு விளக்கினார். பிளாக் என்பது நான் எழுதும் இடம். லேண்டிங் பேஜ் என்பது படித்தவர் போய்ச் சேரும் இடம். "பிளாக்குக்கு வர்றவங்க மெத்தை வாங்க வர்றவங்க இல்லீங்க பாய். ஏதோ ஒண்ணு மனசுல கெடந்து உறுத்தும், அதைத் தேடிட்டு வருவாங்க. அவங்க படிச்சு முடிக்கற எடத்துல ஒரு லிங்க் வைப்போம். அழுத்துனா இந்தப் பேஜு. இதுல வேற எதுவும் இருக்கக் கூடாது. விலைப்பட்டியல் கூடாது, ஃபோம் கூடாது, உங்க கடைப் படம்கூட வேண்டாம். ஒரே ஒரு சேதி, ஒரே ஒரு ஃபார்ம்."

முதலில் மெத்தையை வெயிலில் போடுவது எப்படி, பஞ்சு கட்டி தட்டாமல் இருக்க என்ன செய்வது என்றெல்லாம் எழுதினேன். யாரும் வரவில்லை. பிறகு ஒரு மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து, இறந்துபோன தகப்பனாரின் மெத்தையைப் பிரிக்கக் கொண்டுவந்த ஒருவரைப் பற்றி எழுதினேன். பஞ்சை அடிப்பதற்கு முன் அவர் அந்தப் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அதை மட்டும்தான் எழுதினேன். ஒரே வாரத்தில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் படித்தார்கள். கீழே கேள்விகள் வந்தன. என் அம்மாவின் மெத்தையும் இருக்கிறது, தூக்கிப் போட மனம் வரவில்லை, என்ன செய்யலாம்?

மாடிக்காரப் பெண் அதைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பஞ்சை அடித்து, பிள்ளைகள் எத்தனை பேரோ அத்தனை தலையணை. அதற்கென்றே ஒரு பக்கம் செய்தார். மேலே நான் எடுத்த படம், ஒரு பள்ளம் விழுந்த மெத்தை. அதன்கீழ் பெரிய எழுத்தில்: "அவர் போய்விட்டார். அவர் படுத்த பஞ்சு போகவில்லை." பிறகு ஃபார்ம். உங்கள் பெயர். போன் நம்பர். காலமானவர் உங்களுக்கு என்ன உறவு? எப்போது காலமானார்? எத்தனை தலையணை?

பாதி நிரப்பிவிட்டுப் போகிறவர்களின் ஃபார்மும் எங்களுக்கு வந்துவிடும்படி அவர் செய்துவைத்திருந்தார். அதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும். பெயர் இருக்கும், நம்பர் இருக்கும், "அப்பா" என்று இருக்கும். அதற்குப் பிறகு ஒன்றும் இருக்காது. பத்துப் பேரில் ஆறேழு பேர் அதே இடத்தில் நின்றுபோயிருந்தார்கள். தேதி கேட்கும் இடத்தில்.

"அந்தக் கேள்விதான் மறிக்குது. தேதி எழுதறப்ப கை நடுங்கும்ல? எடுத்துப்போடலாம்" என்றார் அவர். என் மனைவியிடமும் சொல்லிவைத்தார்: "அக்கா, போன்லயும் நீங்க எப்ப, எப்படின்னு எதுவும் கேக்காதீங்க. கேட்டா அழுவாங்க. ஆர்டர் நின்னுபோகும்."

எடுத்தோம். அந்த மாதமே ஆர்டர் கூடியது. என் மனைவி வாசலில் பார்சல் வண்டிக்காரரோடு சண்டை போடுகிற அளவுக்கு மூட்டைகள் வந்தன.

எனக்கும் எழுத்தில் ஒரு ருசி வந்துவிட்டது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கையில் தெரிந்ததை மட்டும் எழுதினால் கொஞ்சம் பேர் படித்தார்கள். தெரியாததையும் சேர்த்து எழுதினால் நிறையப் பேர் படித்தார்கள். ஓரத்தில் ஒடுங்கிய பள்ளம் என்றால், "வாழ்நாள் முழுக்க யாருக்கோ இடம் விட்டுப் படுத்தவர்" என்று எழுதிவிடுவேன். என் மனைவி படித்துவிட்டு, "ஜோசியம் பாக்கவும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கேட்டாள். அடுத்த பதிவையும் அப்படியேதான் எழுதினேன்.

அப்படி இருக்கும்போதுதான் உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தோப்பு வீட்டிலிருந்து அந்த மெத்தை வந்தது. ஃபார்மில் ஓர் ஆண் பெயர், உறவு என்ற இடத்தில் "அம்மா", நான்கு தலையணை. என் மனைவி போன் செய்து துணியின் நிறம் மட்டும் கேட்டாள். சந்தன நிறம் என்றாராம்.

ஒரு ஆள் படுக்கிற மெத்தை. இறந்தவர் மெத்தையை அனுப்புமுன் எந்த வீட்டிலும் நாலு நாள் வெயிலில் போடுவார்கள். இது வெயில் பார்க்கவில்லை. தலைமாட்டில் எண்ணெய் வாசம் அப்படியே இருந்தது. தோள் பள்ளத்தில் கை வைத்தபோது பஞ்சு கொஞ்சம் ஈரமாக, வியர்வை ஈரமாக இருந்ததுபோலத் தோன்றியது. கையை எடுத்துவிட்டேன். எடுத்த கையைக் கழுவிவிட்டு வந்து எழுதினேன்.

"நேற்று வரை படுத்திருந்தவர் எழுந்து போனதுபோல் இருக்கிறது. சிறிய உடம்பு. இடது ஓரமாக, சுவரைப் பார்த்துத் திரும்பி, உலகத்துக்கு முதுகு காட்டிப் படுத்தவர். நெஞ்சருகே இன்னொரு சின்னப் பள்ளம். ஒரு குழந்தை அங்கே படுத்திருக்க வேண்டும். அது எந்தக் குழந்தை, இப்போது எங்கே என்று பஞ்சு சொல்லவில்லை." படமும் போட்டேன். கீழே லிங்க்.

மறுநாள் உறையைப் பிரித்துப் பஞ்சை மெஷினில் கொடுத்து அடித்தேன். நான்கு தலையணை தைத்து அடுக்கினேன். ஃபார்ம் அனுப்பிய மூத்த மகன் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

பிளாக்கில் இந்த நிமிடம் எத்தனை பேர் படிக்கிறார்கள், எந்த ஊரிலிருந்து என்று பார்க்க ஓர் இடம் உண்டு. மதியம் சாப்பிட்டதும் அதைத் திறந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது. திங்கட்கிழமை இரண்டு மணிக்கு ஒரே ஒரு ஆள். உடுமலைப்பேட்டை. அந்த மெத்தையைப் பற்றிய பதிவு. நாற்பது நிமிடம். அந்தப் பதிவைப் படிக்க மூன்று நிமிடம் போதும். செவ்வாய்க்கிழமையும் இரண்டு மணி, அதே ஊர், அதே பதிவு. என்னைக் கண்ணாடிக்கு வெளியே நின்று யாரோ பார்ப்பதுபோல் இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஊசியில் நூல் கோத்தேன்.

புதன்கிழமை அந்த ஆள் லிங்க்கை அழுத்தி ஃபார்முக்கு வந்தார். பாதி ஃபார்ம் எங்களுக்கு வந்தது. பெயர் இல்லை. நம்பர் இல்லை. காலமானவர் உங்களுக்கு என்ன உறவு என்ற கேள்விக்கு மட்டும் பதில்.

"நான்தான்."

என் மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "யாரோ வெளையாடறாங்க. அழிச்சுப்போடுங்க."

மாடிக்காரப் பெண் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இப்படி நாளுக்கு நாப்பது குப்பை வருமுங்க பாய். இதுக்கெல்லாம் பயந்தா எப்படி?"

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு மறுபடியும் வந்தது. இந்த முறை எத்தனை தலையணை என்ற கட்டத்துக்குள் எழுதியிருந்தது. "இடது பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கால்மாட்டில் நின்று பார்த்திருக்கிறீர்கள். படுத்திருப்பவருக்கு அது வலது."

நான் கடைக்கு நடுவில் போய், தரையில் ஒரு மெத்தை கிடப்பதாக நினைத்துக்கொண்டு, கால்மாட்டில் நின்றேன். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு தரையில் படுத்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தது. இத்தனை வருடமாக எல்லா மெத்தைகளையும் நான் நின்றுகொண்டுதான் பார்த்திருக்கிறேன். சிமெண்டுத் தரையின் குளிர் முதுகில் ஏறியது. மேலே மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எழுந்திருக்கப் பயமாக இருந்தது. ஏன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஃபார்ம் முழுதாக வந்தது. ஒரு பெண்ணின் பெயர். ஒரு நம்பர். நான்தான். தலையணை எத்தனை என்ற இடத்தில்: "தலையணை வேண்டாம். மெத்தை."

"நீயே பேசு" என்று மனைவியிடம் போனை நீட்டினேன்.

"மௌத்தானவங்க நம்பருக்கு நான் பேசமாட்டேன். எழுதுனது நீங்க. நீங்களே பேசுங்க." கடையை விட்டு வெளியே போய், எதிர்க்கடை வாசலில் நின்றுகொண்டாள்.

இரண்டு முறை மணி அடித்தபின் எடுத்தார்கள். குரல் தெளிவாக இருந்தது. ஆசிரியர்கள் பேசும் குரல்.

"மெத்தைக் கடைங்களா?"

"ஆமாங்க."

"எழுதறது நீங்கதானா?"

"ஆமாங்க."

"நல்லாத்தான் எழுதறீங்க. புளுகும் நெறைய எழுதறீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நான் செவுத்தைப் பாத்துப் படுக்கலை கண்ணு. அங்க ஜன்னல் இருக்குது. தென்னைமரம் தெரியும். அப்பறம் அது குழந்தை இல்ல, ரேடியோ."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இறந்தவர் பேசவில்லை, உயிரோடிருப்பவர் பேசுகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது உறைத்ததும் பயம் போகும் என்று நினைத்தேன். போகவில்லை, கூடியது.

அவர் நிதானமாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு மாதத்துக்கு முன் குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. பிள்ளைகள் ஆஸ்பத்திரிக் கட்டிலும் காற்று மெத்தையும் வாங்கிப் போட்டார்கள். பழைய மெத்தையைப் புதிதாக்க அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். ஒருநாள் மதியம் அவர் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு, பெரிய மகன் மற்ற மூவரிடமும் போனில் எங்கள் பக்கத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார். அவர் போய்விட்டார், அவர் படுத்த பஞ்சு போகவில்லை. "நான் கண்ணை மூடிட்டுக் கேட்டேன். அப்பறம் என் போன்ல அதே வரியைத் தேடினேன். நீங்க கெடைச்சீங்க. எம்பட மெத்தையும் கெடைச்சுது."

"தப்பு நடந்துபோச்சுங்க" என்றேன்.

"இந்தக் காத்து மெத்தையில படுத்தா எங்கயோ போயிட்டே இருக்கற மாதிரி இருக்குது. கீழ ஒரு மெசினு ஊதிட்டே கெடக்குது. எனக்கு எம்பட மெத்தை வேணும். அதுல படுத்தாத்தான் நான் இங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும்."

"அடிச்சுட்டேனுங்க. நாலு தலையணை ஆயிருச்சு."

அந்தப் பக்கம் மெஷின் ஊதுவது கேட்டது.

"பிரிச்சுக் கட்டுங்க" என்றார். "நான் இன்னும் போகலீங்களே."

அன்று மாலையே நான்கு தலையணைகளையும் பிரித்தேன். என் மனைவி எதுவும் கேட்காமல் உறைத் துணியை வெட்டிக் கொடுத்தாள். மாடிக்காரப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னோம். எடுத்த கேள்வியை அப்போதே திரும்பப் போட்டார். அந்தப் பதிவையும் எடுத்துவிட்டோம். ஆர்டர் குறையும் என்றார் அவர். குறையட்டும் என்று என் மனைவி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய மகன் காரில் வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். வெள்ளைச் சட்டை, நல்ல மரியாதையான ஆள். தலையணையைக் கேட்டார். கடை நடுவில் மறுபடி கட்டிவைத்திருந்த மெத்தையைக் காட்டினேன்.

"ஏனுங்க பாய், இது என்னதுங்க?"

"உங்கம்மா மெத்தைங்க."

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் நானே பேசினேன். "அம்மா உசுரோட இருக்காங்களாமே?"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "டாக்டரு சொல்லிப்போட்டாருங்க. மாசக்கணக்குதானாம். நாங்க நாலு பேரும் நாலு ஊருல இருக்கோம். காரியத்தன்னிக்கு வந்துட்டு ஆளாளுக்குக் கெளம்பிருவோம். அன்னிக்கு மெத்தையைத் தூக்கி எறிஞ்சுருவாங்க. அதுதான் முன்கூட்டியே. பாசம் இல்லாம இல்லீங்க. பாசத்துலதானுங்க." கொஞ்சம் நிறுத்தி, "உங்க பேஜ்ல எப்பன்னு கேக்கவே இல்லீங்களே. கேட்டிருந்தா நான் நின்னிருப்பேன்" என்றார்.

"ஆர்டர் மாறிருச்சுங்க" என்று சொல்லி, அவர் அம்மா அனுப்பிய ஃபார்மைப் போனில் காட்டினேன். அவர் படித்தார். பெயர். நம்பர். காலமானவர் உங்களுக்கு என்ன உறவு? நான்தான். அவர் கடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் வாங்க" என்றார் கடைசியில். "இதை நான் மட்டும் கொண்டுபோய் அவங்களுக்குப் போட முடியாதுங்க."

மெத்தையைச் சுருட்டிக் காரின் மேலே கட்டினோம். உடுமலை போகும்வரை கட்டு அவிழாமல் ஜன்னல் வழியே கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனேன்.

தோப்பு வீட்டில் நடுப்பகல். அந்த அம்மா நான் கையால் அளந்ததைவிடச் சின்ன உருவமாக இருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க, எழுத்தாளரே" என்றார். பழைய மரக்கட்டிலில் மெத்தையை விரித்தேன். மருமகளும் மகனும் அவரைத் தூக்கி, ஜன்னல் பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். காற்று மெஷினை யாரோ அணைத்தார்கள். அறை அத்தனை அமைதியாகிவிட்டது.

அவர் தோளை அசைத்துப் பார்த்தார். "மேடா இருக்குது."

"படுக்கப் படுக்க ஆயிருமுங்க."

"என் பள்ளம் விழ எத்தனை நாளாகும்?"

இலவம் பஞ்சில் ஒரு ஆளின் உருவம் பதிய என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். குறைத்துச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு மாசமாவது ஆகுமுங்க."

"அப்ப ஆறு மாசம்" என்றார், கடைக்காரரோடு பேரம் முடித்ததுபோல. சிரித்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்களை மூடிக்கொண்டார்.

நான் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. மகனும் நகரவில்லை, மருமகளும் வாசற்படியில் கையைத் துடைத்தபடி நின்றார். பேச்சு நின்று, மூச்சுச் சத்தம்கூடக் கேட்காத அந்த நேரத்தில் நாங்கள் மூவரும் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது எனக்குச் சற்றுப் பிறகுதான் தெரிந்தது. அவர் மேல் கிடந்த போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார்: "போய்ச் சோறுண்ணுங்க எல்லாரும். இன்னைக்கு இல்ல."

யாரும் போகவில்லை.